முனவ்வறா எழுதிய தழும்பு

"அந்த டீச்சர் சூரை மீனப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப்போட்டு வாங்காமப் போனாவே, அப்ப ஒனக்கு உள்ளுக்கு என்ன ஓடின?"

மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாண்டிருப்பிலிருந்து வரும் கதிர்காமனை முனவ்வறா இப்படித்தான் வழிமறிக்கிறார். கையில் சட்டி இருக்கும். மீன் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன் அவருக்கு இந்தப் பதில் வேண்டும். கதிர்காமன் தராசைத் துடைத்தபடி, "ஒண்டும் ஓடல்ல அக்கா" என்கிறார்.

"ஒண்டும் ஓடாம ஒரு மனிசன் நிக்க ஏலாது. சொல்லு."

கதிர்காமன் அந்தக் குறுகிய ஒழுங்கையின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். "செருப்பு வார் அறுந்து போச்சி. வெறுங்காலோட எப்பிடி கியரப் போடுற எண்டு நினைச்சன்."

முனவ்வறாவின் முகம் மலர்ந்துவிடுகிறது. அவ்வளவு நேரம் பேரம் பேசிய டீச்சர் மீன்காரரின் நினைப்பில் எங்கேயுமே இல்லை என்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி. அந்த டீச்சர் நான்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முன்னறையில் தையல் மெசின் போட்டுப் பெண்களுக்கு அபாயா அங்கி தைக்கிறார். ஜனவரியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. மெசின் ஓடும்போது அவருடைய உதடும் ஓடிக்கொண்டிருக்கும். துணி கொடுக்க வருகிற பெண்கள், முனவ்வறா ராத்தா எந்நேரமும் இறைவனின் பெயரை ஓதியபடி திக்ரில் இருக்கிறார் என்று ஊரில் நல்லபடியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அந்த உதட்டில் ஓடுவது கதையில் வரும் யாரோ ஒரு மாமியாரின் மனம். மருமகள் வைத்த புளியாணத்தைக் குறைசொல்ல ஒன்றும் கிடைக்காத மாமியார் உள்ளுக்குள் என்ன பாடுபடுவாள் என்பதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருப்பார். திருப்தியான ஒரு வரி கிடைத்துவிட்டால் காலை மெசினிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கவலை கிடையாது.

கணவர் மீராமுகைதீன் சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிறவர். விதைப்பு, அறுவடைக் காலங்களில் அங்கேயே தங்கிவிட்டு வியாழக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். "இவள் என்னப் பார்த்தாளெண்டா நான் நினைக்கிறத நிப்பாட்டிருவன் டீச்சர். எதுக்கு வம்பு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். நல்ல மனிதர். மனைவியின் கதைகளில் வருகிற கணவன்மாரெல்லாம் தன்னைப் போல இல்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல், கொஞ்சம் மனத்தாங்கலும்.

நான் மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு சிறு சஞ்சிகை கொண்டுவருகிறேன். முனவ்வறா எழுதுவதில்லை, சொல்வார். தொலைபேசியில் குரல் பதிவாக அனுப்புவார். "வொய்ஸ் போட்டிரிக்கன், கேளுங்க" என்று ஒரு செய்தி வரும். கேட்டு எழுதுவது என் வேலை. பின்னணியில் காகம், மெசின், பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு எல்லாம் இருக்கும். ஆரம்பத்தில், தமிழ் படிப்பிக்கிறவள் என்ற தோரணையில், ஒரு பெண்ணுக்குக் கணவனின் மரணச் செய்தி வரும் இடத்தில் "துயரம் அவள் நெஞ்சை அடைத்தது" என்று நானாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் கையைக் காட்டினார்.

"இது ஆருட நினைப்பு?"

"கதைக்குள்ள வாற பொம்புளயிட."

"இல்ல. இது ஒங்கட. அவள் அப்ப கேஸ் அடுப்பத்தான் நினைப்பாள். நிப்பாட்டினனா, இல்லையா எண்டு. துயரமெல்லாம் மறுகா வரும் டீச்சர். ஆக்களெல்லாம் போன பொறகு, தலாணிய மாத்தக்குள்ள வரும்."

வரியை வெட்டினேன். அதற்குப் பிறகு அவருடைய கதையில் நான் கைவைப்பதில்லை. பெரிய நேரத்தில் மனிதருக்குச் சின்ன நினைப்புத்தான் வரும் என்பது அவருடைய கட்சி. அழுகிற பெண்ணை விட, அழுகைக்கு நடுவில் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுகிற பெண்ணைத்தான் நம்பலாம் என்பார். இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அவர் போய் நின்ற வீடுகளின் எண்ணிக்கை சாதாரணமானதல்ல.

காரணம், முனவ்வறாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண்கள் இறந்தால், மௌத்தானவர்களைக் குளிப்பாட்டுவது. கூலி வாங்கிச் செய்யும் வேலையல்ல. கேட்டால் போகவேண்டும், அவ்வளவுதான். கையுறை, பஞ்சு, கற்பூரம், காய்ந்த இலந்தை இலை, ஒரு கத்தரிக்கோல் எல்லாம் போட்ட துணிப்பை கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இறந்தவரின் ஜனாஸா அறிவித்தல் முடிவதற்கு முன்பே அவருடைய தொலைபேசி அடிக்கும். சேலைகளால் மறைப்புக் கட்டிய இடத்துக்குள் போய், மையித்தின், அந்த உயிரற்ற உடலின், மேல் துணியைப் போர்த்தி, துணிக்கு அடியால் கையை விட்டுக் கழுவுவார். கழுவும்போது கதைத்துக்கொண்டே இருப்பார். "கையத் தாங்க ராத்தா. ஓம், அப்பிடித்தான். தண்ணி குளிரல்லியே?" அப்படிக் கேட்கும்போது அவருடைய குரலில் நடிப்பே இருக்காது.

அந்த மறைப்புக்குள் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது. மார்க்கம் சொல்வது அது, ஊர் எதிர்பார்ப்பதும் அது. "கண்டத கபுறுக் குழியோட வெச்சிட்டு வந்திரணும்" என்பார் முனவ்வறா. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எந்த வீட்டுப் பெண்ணைப் பற்றியும் ஒரு சொல் என்னிடம் சிந்தியதில்லை. நானும் கிண்டிப் பார்த்திருக்கிறேன். சஞ்சிகை நடத்துகிறவளுக்கு அந்த ஆசை வராமல் போகுமா. ஒருநாளும் பலிக்கவில்லை.

சென்ற வருடம் வந்த குரல் பதிவில்தான் எல்லாம் கெட்டது. குளிப்பாட்டப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. மௌத்தானவள் வசதியானவள், உயிரோடு இருந்த காலத்தில் இவளுடைய ஸலாத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாதவள். இவள் கழுவிக்கொண்டு போகும்போது, தோளுக்குப் பின்னால் பழைய சூட்டுத் தழும்பொன்று கையில் தட்டுப்படுகிறது. ஸ்திரிக்கைப் பெட்டியின் முனை பட்ட அளவு. முனை அப்படித் தற்செயலாகப் படுகிற இடமல்ல அது. குளிப்பாட்டுகிறவள், 'வெயில் காலத்திலயும் இவள் தடிச்ச சட்டை போட்டது இதுக்கா' என்று நினைக்கிறாள். உடனேயே, 'இன்னும் ரெண்டு செம்பு. அசர் தொழுகைக்கு முன்னுக்கு எடுத்திருவாங்க. வீட்ட அரிசி ஊறப்போட்டனா?' என்று நினைக்கிறாள். பிறகு அந்த இடத்தில் மட்டும் கை மெதுவாகப் போகிறது. கதை அவ்வளவுதான். நான் அச்சடித்ததிலேயே நல்ல கதை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

சஞ்சிகை வெளிவந்த கிழமையே, முனவ்வறா குளிப்பாட்டப் போன வீடொன்றிலிருந்து அவரைத் தேடி ஆள் வந்தது. நடுத்தர வயது மனிதர், கேற்றடியில் நின்று, எங்கள் உம்மாவின் தோளைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். இரண்டாவது வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து முன்னறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். மூன்றாவது வீட்டார் வரவில்லை, தைக்கக் கொடுத்த துணிகளைத் தைக்காமலே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கதையில் இருந்தது ஒரு தழும்பு. அதற்கு உரித்துக் கேட்டு வந்தவை மூன்று வீடுகள்.

அந்தக் கிழமை ஒரு மாலை நான் கொதித்துப்போய் அவரிடம் சென்றேன். "கற்பனையெண்டு சொல்லுறதுதானே ராத்தா? ஏன் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்டீங்க?"

"சொன்னன் டீச்சர். கற்பனையெண்டா எங்கட உம்மாட தோள்ல இருந்தது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காரு."

அவர் மெசினில் ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். நூல் இரண்டு முறை தவறியது.

"அவருட உம்மாட தோள்ல ஒண்டுமில்லையெண்டு நான் சொன்னா, தோளப் பார்த்தத சொல்லுறதா ஆகும். இரிந்த எண்டு சொன்னாலும் அப்பிடித்தான். இந்த வீட்டுக்கு இல்லையெண்டு சொன்னா, அப்ப அந்த வீட்டுக்கெண்டு ஊர் சொல்லும். நான் எந்தப் பக்கத்தால வாயத் திறக்கிற?"

"அப்ப அந்தத் தழும்பு எங்கயிருந்து வந்த?"

சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். நகத்துக்குப் பக்கத்தில் சிறு கறுப்பு. "அபாயா ஒண்டுக்கு ஸ்திரிக்கை போடக்குள்ள பட்ட. விரலுக்கே இப்பிடி எரியுதெண்டா தோளுக்கு எப்பிடியிருக்கும், அதயும் வெளியில சொல்ல ஏலாம இருந்தா எப்பிடியிருக்கும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நான் செஞ்ச."

ஒரு கதை உண்மையாக இருக்கவேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உண்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த மூன்று வீடுகளையும் நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு மௌத்தான அந்த மூன்று பெண்களையும் நினைத்தேன், ஆத்திரம் போய் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் போகவில்லை.

அதன் பிறகு முனவ்வறாவை யாரும் குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. யாரும் முகம் முறித்துப் பேசவில்லை, ஸலாம் சொன்னால் பதில் வந்தது, அபாயாகூடக் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் தைக்க வந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டதும் இவர் மெசினை நிறுத்துவார், பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், தொலைபேசி அடிக்காது. வேறு ஒழுங்கையில் இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்த இரண்டு இளம் பெண்கள் இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டார்கள். ஜனாஸா எடுத்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் பை கதவுக்குப் பின்னால் போகும். குரல் பதிவுகளும் நின்றுவிட்டன. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த அவரால் முடியவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பயம் அஸ்பியாவைப் பற்றியது. ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்து வீடு. சிறு வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர்கள், ஒரே வருடத்தில் கல்யாணம் முடித்தவர்கள். அஸ்பியாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். கண்பார்வையும் மங்கிவிட்டது. அந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான். முடிந்ததும், "இன்னும் ரெண்டு செம்பெண்டு நினைச்சாளே, அது சரி" என்றார்.

அஸ்பியா பயங்கரக் கூச்சக்காரி. ஆஸ்பத்திரியில் தாதி சட்டைக் கையை உயர்த்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். "நான் மௌத்தானா நீதான் குளிப்பாட்டணும் முனவ்வறா. வேற ஆரும் தொடக்குடா. எனக்குக் கூசும்" என்று என் முன்னாலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். முனவ்வறா, "ஓம், ஓம், முந்தி நான் போயிட்டா என்னக் குளிப்பாட்ட வா" என்று சிரித்து மழுப்புவார். கதை வந்த பிறகு அப்படிச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அஸ்பியாவின் மகள் நதீரா கூப்பிடுவாளா, மாட்டாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. வீடு நதீராவின் வீடு, சீதனமாகக் கொடுத்தது. சொல் அவளுடையது.

போன மாதம் ஒரு காலைப்பொழுதில் அஸ்பியா போய்விட்டார். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னபோது நான் முனவ்வறாவின் முன்னறையில் நின்றேன். பை மடியில் இருந்தது. அறிவித்தல் முடிந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. எதிர்வீட்டில் ஆட்கள் கதிரை இறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க ராத்தா, போவம்" என்றேன்.

"மையித்து வீட்டுக்குப் போகலாம். மறைப்புக்குள்ள கூப்பிடாமப் போக ஏலா." பையைக் கதவில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு என்னுடன் ஒழுங்கையைக் கடந்தார்.

பெண்களோடு பெண்ணாகச் சுவரோரம் உட்கார்ந்தோம். பின்வளவில் கிணற்றடியில் சேலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு இளம் பெண்களும் வந்துவிட்டார்கள். எல்லாரும் முனவ்வறாவைப் பார்த்தார்கள், பார்த்ததை மறைக்க நிலத்தைப் பார்த்தார்கள். அவர் அஸ்பியாவின் பாதத்தை மூடியிருந்த துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

நதீரா எழும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. குனிந்து அவருடைய காதோடு பேசினாள், ஆனாலும் பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது.

"மாமி, உம்மா ஒங்களத்தான் சொன்னவ. ராத்திரியும் சொன்னவ. ஆனா ஊர்ல கதைக்கிற கதை ஒங்களுக்குத் தெரியும்தானே. நாளைக்கு நீங்க ஒரு கதை எழுதினாலும், அது எங்கட உம்மாவெண்டுதான் சொல்லுவாங்க. என்ட வாப்பாவத்தான் சந்தேகமாப் பார்ப்பாங்க."

அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

முனவ்வறா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வாக்குறுதி ஏதும் கொடுப்பார், இனி எழுத மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். நதீராவும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

"நீயும் உள்ளுக்கு வா புள்ள. என்னப் பார்த்துக்கொண்டு நில்லு. டீச்சர் தண்ணி ஊத்தட்டும். அந்தப் புள்ளையளும் நிக்கட்டும். நான் செய்யிறதில ஒனக்கு ஒரு சந்தேகம் வந்தா அந்த நேரமே என்ன வெளிய போகச் சொல்லு. போயிருவன்."

வெளியில் யாரோ தண்ணீர் சூடாகிவிட்டது என்றார்கள். நதீரா தலையாட்டினாள்.

மறைப்புக்குள் நாங்கள் ஐந்து பேர். எனக்கு அது முதல் தடவை, செம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். அங்கே கண்டதில் முனவ்வறாவைப் பற்றியதை மட்டும்தான் நான் எழுதலாம். அவர் இளம் பெண்ணொருத்தியிடம் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டார். அஸ்பியாவின் மேல் துணியைப் போர்த்தி நான்கு மூலையையும் சரிபார்த்தார். குனிந்து, "நான்தான் கா. கூசாத" என்றார். இறைவனின் பெயரால் பிஸ்மி சொன்னார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஊத்துங்க டீச்சர்."

ஊற்றினேன். மூடிய கண்ணோடு முகத்தைக் கழுவினார், வலது கையைத் தேடி எடுத்து முழங்கை வரை கழுவினார். நதீராவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மாமி" என்றாள். "கண்ணத் திறங்க மாமி. எனக்கு ஒண்டுமில்ல. திறங்க."

முனவ்வறா இல்லையென்று தலையை அசைத்தார். ஈரக் கையை முன்னால் நீட்டி, விரல்களால் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய் அஸ்பியாவின் காது மடலைக் கண்டுபிடித்து, அதன் பின்பக்கத்தை மெல்லக் கழுவத் தொடங்கினார்.